புகைக்கும் ஓர் ஊருண்டு

எம்மவர் விருந்துகளில் விஸ்கிப் போத்தலுக்கு உள்ள மதிப்பு அலாதியானது. பிறந்தநாளாயினும் பூப்புனித நீராட்டு விழாவாயினும் குடிபுகுதலாயினும், ஆண்கள் கூடும் பின்னறையிலோ வாகனத் தரிப்பிடத்திலோ அது வந்து அமர்ந்துவிடுகிறது. அதன் விலை பேசப்படும். வயது பேசப்படும். எந்த விமான நிலையத்தில் வாங்கியது என்பதும் பேசப்படும். பின்னர் பனிக்கட்டியும் கொக்கா கோலாவும் நிறைந்த கோப்பைக்குள் ஊற்றப்பட்டு அது காணாமற் போகும். அதன் மணம் என்ன, சுவை என்ன என்று கேட்பார் அரியர்.

இக்கட்டுரை எவரையும் குடிக்குமாறு தூண்டுவதற்கு எழுதப்படுவதன்று. புலம்பெயர்ந்த வாழ்வின் தனிமையில் மது எத்தனை குடும்பங்களைச் சிதைத்தது என்பதை இப்பத்திரிகையின் வாசகர்களுக்கு எடுத்துரைக்கத் தேவையில்லை. இங்கு ஆராயப்படுவது ஒரு மணம். ஸ்கொட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள ஒரு சிறு தீவு, தன் ஏழை அடுப்பின் புகையை உலகம் விலைகொடுத்து வாங்கும் சுவையாக ஆக்கியிருக்கிறது. புகையும் மதுவும் எம்மிடமும் இருந்தன. எமது மணத்துக்கு ஏன் அத்தகைய பேறு வாய்க்கவில்லை என்பது சிந்திக்கத்தக்க கேள்வியாகும்.

கரிமண்ணும் பார்லியும்

அத்தீவின் பெயர் ஐலா. பரப்பில் யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் சிறியது. அத்திலாந்திக் காற்று ஓயாது வீசும் அந்நிலத்தில் மரங்கள் குறைவு. நிலக்கரியும் இல்லை. ஆயின் சதுப்பு நிலம் உண்டு. நீர் தேங்கி, காற்றுப் புகாத அச்சதுப்பில் பாசியும் புதர்ச்செடிகளும் முற்றாக மக்கிப்போகாமல் ஆண்டுக்காண்டு படிந்து, கறுத்த களி போன்ற மண்ணாகின்றன. இதனை ஆங்கிலத்தில் பீட் என்பர். நாம் கரிமண் எனலாம். ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் அளவே இது வளரும். ஒரு மீற்றர் ஆழம் வெட்டுபவர் ஆயிரம் ஆண்டுகளை வெட்டி எடுக்கிறார் என்று கொள்ளலாம்.

கரிமண் எமது நிலங்களுக்கும் புதியதன்று. கொழும்புக்கு வடக்கேயுள்ள முத்துராஜவெல சதுப்பில் அது உண்டு. நீலகிரி மலையின் உயரங்களிலும் உண்டு. அங்குள்ள சாண்டிநல்லா படிவுகளை ஆராய்ந்த இந்திய அறிவியலாளர், இருபதாயிரம் ஆண்டுகளின் பருவநிலை வரலாற்றை அவற்றிலிருந்து படித்தறிந்து 1993ஆம் ஆண்டு வெளியிட்டனர்.

ஐலா மக்கள் இக்கரிமண்ணைப் பாளம் பாளமாக வெட்டி, வெயிலிலும் காற்றிலும் உலர்த்தி அடுப்பெரித்தனர். மது வடிப்பதற்கான பார்லியை உலர்த்துவதற்கும் அதுவே கிடைத்தது. பார்லியை நீரில் ஊறவைத்து, சில நாட்கள் முளைக்கவிட்டு, முளை மேலும் வளராதபடி சூட்டில் உலர்த்துவர். முளைகட்டிய தானியத்தில் மாப்பொருள் சர்க்கரையாக மாறும் ஆற்றல் பெறுகிறது. அச்சர்க்கரையே பின்னர் நொதித்து மதுவாகும். தானியம் ஈரமாக இருக்கும் வேளையில் அடியிலிருந்து எழும் கரிமண் புகை உமியில் ஒட்டிக்கொள்கிறது. முற்றாகக் காய்ந்த பின்னர் புகை அதனை அவ்வளவாகப் பற்றுவதில்லை. ஆகவே புகை மணத்தின் அளவு, ஈரமுள்ள அந்தச் சில மணித்தியாலங்களிலேயே பெரும்பாலும் தீர்மானமாகிவிடுகிறது.

இதனை அளப்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. பார்லியில் ஏறிய பீனோல் வகைச் சேர்மங்களைப் பத்து இலட்சத்தில் இத்தனை பங்கு என்பர். போமோர் வடிசாலையின் பார்லி ஏறத்தாழ 25 பங்கு. லகவூலின் 35 அளவில். லாஃப்ரோய்க் 40ஐ ஒட்டியது. ஆர்ட்பெக் 55 அளவில். ஆயின் போத்தலை வந்தடையும்போது இவற்றில் பெரும்பகுதி கழிந்துவிடும். வடிக்கும்போது முதலில் பழமணம் கொண்ட ஆவி வரும். புகை மணம் பிந்தி வரும். எந்தக் கணத்தில் ஓட்டத்தை நிறுத்துவது என்பது வடிப்பவரின் மூக்கிலும் அனுபவத்திலும் தங்கியுள்ளது. ஒரே அளவு புகையேற்றிய பார்லியிலிருந்து இரு வடிசாலைகள் இருவேறு மதுவைப் பெறுவது இதனாலேயே.

சிங்கிள் மால்ட் என்னும் சொல்லையும் இங்கு விளக்குதல் நன்று. முளைகட்டிய பார்லியை மட்டும் கொண்டு, ஒரே வடிசாலையில், செப்புப் பானைகளில் வடித்து, ஓக் மரப் பீப்பாய்களில் குறைந்தது மூன்று ஆண்டுகள் ஸ்கொட்லாந்திலேயே முதிரவைத்தது அது. எம்மவர் விருந்துகளிற் பெரிதும் காணப்படும் ஜோனி வோக்கர், பல வடிசாலைகளின் மதுவைக் கலந்து ஆக்கப்படுவது. அதனுள்ளும் ஐலாவின் கல் ஈலா வடிசாலையிலிருந்து வந்த புகை கலந்திருக்கிறது. பெயரறியாது இப்புகையை நம்மவர் பல்லாண்டுகளாக அருந்தியே வந்திருக்கின்றனர்.

புகைக்குள் இருப்பவை

மரத்துக்கும் செடிக்கும் உறுதி தரும் பொருளான லிக்னின் புகைந்து சிதையும்போது குவாயகோல், கிரெசோல், பீனோல் முதலிய சேர்மங்கள் தோன்றுகின்றன. குவாயகோல் அடுப்புப் புகையின் இனிய மணம் தரும். கிரெசோல் தாரை நினைவூட்டும். பீனோலுக்கு மருத்துவமனை மணம். கார்போலிக் அமிலம் என்று பழைய நூல்கள் கூறுவது இந்தப் பீனோலையே. கிளாஸ்கோ நகர மருத்துவமனையில் ஜோசப் லிஸ்டர் 1865ஆம் ஆண்டு காயங்களில் சீழ் பிடிக்காதிருக்க இதனைப் பயன்படுத்தினார். அதன்பின் உலகெங்கும் மருத்துவமனைகளில் அந்த மணம் குடியேறிற்று. லாஃப்ரோய்க்கை முகர்ந்தவர் "ஆஸ்பத்திரி மணக்கிறது" என்று முகம் சுளித்தால், அவர் மூக்கு பிழை செய்யவில்லை. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு நிலவியபோது மருத்துவரின் சீட்டுக்கு விஸ்கி கிடைத்தது. லாஃப்ரோய்க் மருந்தென்ற பெயரில் அக்காலத்தில் இந்நாட்டுக்குள் நுழைந்தது என்பது அவ்வடிசாலையார் பெருமையுடன் சொல்லும் கதை.

இச்சேர்மங்கள் கரிமண்ணுக்கு மட்டும் உரியவையல்ல. யாழ்ப்பாணத்துப் புகையிலையை எண்ணிப் பாருங்கள். வாட்டம் கண்ட இலைகளை மூடிய குடிலில் தொங்கவிட்டு, கீழே தென்னம் பொச்சைச் சுவாலையின்றிப் புகையவிடுவர். ஈரம் வற்றாத இலையில் புகை படிந்து, நிறமும் காரமும் மணமும் ஏறும். அப்புகையிலையைத் திருவிதாங்கூர் மக்கள் தேடி வாங்கினர். குடாநாட்டின் செம்மண் தோட்டங்கள் பலவற்றின் செல்வம் அவ்வணிகத்தால் வந்தது. தென்னம் பொச்சு லிக்னின் மிகுந்த பொருள். ஐலாவின் சூளையில் ஈரப் பார்லிக்கு நிகழ்வதும், எமது புகைக்குடிலில் ஈர இலைக்கு நிகழ்வதும் வேதியியற் கண்கொண்டு நோக்கின் ஏறத்தாழ ஒன்றே. சம்பலுக்கு இடும் மாசிக்கருவாட்டின் மணமும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே.

நுகரும் முறை

முதலில் கோப்பை. அடி அகன்று வாய் ஒடுங்கியதாக இருத்தல் வேண்டும். வாய் அகன்ற கோப்பையில் மணம் தங்காது. இருபது, முப்பது மில்லிலீற்றருக்கு மேல் ஊற்ற வேண்டியதில்லை. பனிக்கட்டி மணத்தை உறங்கவைத்துவிடும். ஆகையால் அதனைத் தவிர்க்க வேண்டும்.

கோப்பையை மூக்கினுள் திணிக்காது, சற்றுத் தள்ளிப் பிடித்து, வாயைச் சிறிது திறந்தபடி மெல்ல முகர வேண்டும். முதல் முகர்வில் மதுவின் எரிவே தெரியும். சற்றுப் பொறுத்து மீண்டும் முகர்ந்தால் புகை தெரியும். மூன்றாம் முறை புகைக்குப் பின்னால் நிற்பவை ஒவ்வொன்றாக வெளிப்படும். கடற்பாசி, ஈரமண், எலுமிச்சைத் தோல், தேன், பீப்பாயிலிருந்து ஊறிய வனிலா, சில போத்தல்களில் உலர்ந்த முந்திரிகை. புகை மட்டுமே தெரியும் மது சிறந்ததன்று. புகை விலகி வேறொன்றுக்கு வழிவிடுமாயின் அது நன்று.

அதன்பின் சில துளி நீர் சேர்க்கலாம். இது வெறும் மரபன்று. சுவீடன் நாட்டு லின்னேயஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல்சன், பிரீட்மன் என்னும் இருவர் 2017ஆம் ஆண்டு வெளியிட்ட கணினி ஆய்வு ஒன்று இதற்குக் காரணம் காட்டிற்று. மதுவின் செறிவு மிகுந்திருக்கையில் குவாயகோல் மதுமூலக்கூறுகளால் சூழப்பட்டு உள்ளே அமிழ்ந்திருக்கிறது. நீர் சேர்ந்து செறிவு குறைந்ததும் அது மேற்பரப்பை நோக்கி வருகிறது. மேற்பரப்புக்கு வந்தது மூக்குக்கு எட்டுகிறது.

இனி ஒரு மிடறு. உடனே விழுங்காது நாவில் உருட்ட வேண்டும். அறுசுவையில் இனிப்பும் கைப்பும் துவர்ப்பும் சில வேளை உவர்ப்பும் நாவுக்குத் தெரியும். புகை நாவுக்குத் தெரிவதில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு அருந்தினால் புகை மறைந்துபோகும். விரலை எடுத்ததும் தொண்டையின் பின்வழியே மணம் மூக்கை அடைந்து, புகை மீளும். இதனை வீட்டிலுள்ள சிறுவர்களுக்கு ஏலக்காய் இட்ட இனிப்புக் கொண்டு செய்துகாட்டலாம். நாம் சுவை என்று அழைப்பதில் பெரும்பகுதி மணமே.

மிடறு இறங்கியபின் வாயில் எஞ்சுவதையும் கவனிக்க வேண்டும். நல்ல ஐலா மதுவின் புகை பல நிமிடங்கள் நிற்கும். காலையில் சாம்பல் அள்ளிய அடுப்பின் மணம் போல அது மெல்லத் தணியும். இதற்கு ஒரு மிடறு போதும். முழுப் போத்தல் தேவையில்லை. ஒருநாட் கூலியின் பெரும்பங்கை விழுங்கும் போத்தலை ஒருவர் தனியே வாங்குவதிலும், நால்வர் சேர்ந்து வாங்கி மாதக்கணக்கில் வைத்து நுகர்வதே அறிவுடைமை.

பிஸ்கட்டவேயில் ஒரு மாலை

நியூஜேர்சி மாநிலம் மணத்தொழிலின் நிலைக்களங்களுள் ஒன்று. வாசனைப் பொருட்களையும் சுவையூட்டிகளையும் ஆக்கும் பெரிய நிறுவனங்கள் பல இம்மாநிலத்தில் ஆய்வுகூடங்கள் வைத்துள்ளன. பிஸ்கட்டவேயில் ஆற்றோர வீதியிலேயே கோல்கேட் நிறுவனத்தின் தொழில்நுட்ப நிலையம் உள்ளது. பற்பசையின் சுவைக்குப் பின்னாலும் ஓர் அறிவியல் உண்டு. ஆற்றுக்கு அப்பால் வடகிழக்கே நியூயோர்க்கில், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் அக்செலும் லிண்டா பக்கும் மணத்தை உணரும் ஏற்பிகளின் மரபணுக் குடும்பத்தைக் கண்டறிந்து 1991ஆம் ஆண்டு வெளியிட்டனர். 2004ஆம் ஆண்டு அதற்காக நோபல் பரிசு பெற்றனர். மனித மூக்கில் ஏறத்தாழ நானூறு வகை ஏற்பிகள் உள்ளன. அவற்றின் செய்தி, நினைவையும் உணர்ச்சியையும் ஆளும் மூளைப் பகுதிகளை நெருங்கிய வழியில் சென்றடைகிறது. மணம் ஒன்று எதிர்பாராமல் ஒருவரை நாற்பதாண்டு பின்னே கொண்டுபோய் நிறுத்துவது இதனாலேயே.

அண்மையில் பிஸ்கட்டவேயில் ஒரு வீட்டு மாடியில் ஆறுபேர் கூடினோம். பெயர் மறைத்த நான்கு கோப்பைகள். ஒன்றில் லகவூலின். ஒன்றில் ஜோனி வோக்கர். ஒன்றில் பெங்களூரின் அம்ருத் வடிசாலை, ஸ்கொட்லாந்திலிருந்து தருவித்த புகையேற்றிய பார்லி கொண்டு வடித்த சிங்கிள் மால்ட். நான்காவதில், ஊரிலிருந்து ஒருவர் கொண்டுவந்த பனஞ்சாராயம். நிபந்தனை ஒன்றே. தெரிந்த மணத்தின் பெயரைத் தமிழில் சொல்ல வேண்டும்.

லகவூலின் சுற்றிவந்தபோது, ஊரில் தாதியாக இருந்து இங்கு முதியோர் இல்லத்திற் பணிபுரியும் பெண்மணி, "வாட்டுக் கழுவின கையோடை மணக்குமே, அது" என்றார். பெற்றோல் நிலையமொன்றில் வேலை செய்பவர், "றோட்டுக்குத் தார் ஊத்தேக்கை நிண்டு பார்த்திருக்கிறன், அந்த மணம்" என்றார். ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்திற் பயிலும் இளைஞன் வெகுநேரம் தேடிவிட்டு, "விறகு எரிச்ச அடுத்த நாள்" என்றான். இங்கு பிறந்தவன். அவன் அறிந்த விறகு கோடைமுகாமின் விறகு. எனினும் "அடுத்த நாள்" என்ற சொல்லில் மூவரும் வியந்தனர். மது அருந்தாத மூதாட்டி ஒருவர் கோப்பையை முகர்ந்து மட்டும் பார்த்துவிட்டு, "அப்பு புகையிலைக்குப் புகை போடேக்கை சீலையெல்லாம் இப்பிடித்தான் மணக்கும். அம்மா ஏசுவா" என்றார். வேதியியல் கூறும் உறவை அவர் மூக்கு ஒரு கணத்திற் சொல்லிவிட்டது.

ஐந்தாமவர் முகர்ந்ததும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். வெகுநேரம் பேசவில்லை. பின்னர், "எனக்கு இது எரிஞ்ச வீடு" என்றார். எவரும் மேலே கேட்கவில்லை. யாழ்ப்பாண நூலகம் எரிந்த 1981ஆம் ஆண்டின் புகையையும் அதன்பின் எழுந்த எண்ணற்ற புகைகளையும் சுவாசித்தவர்களுக்கு, புகை மணம் எப்போதும் இன்பம் தருவதாக இருக்க முடியாது. சுவை நூல்கள் எழுதுவோர் இதனை எழுதுவதில்லை. எமது குறிப்பேட்டில் அதுவும் எழுதப்பட்டது.

நான்காவது கோப்பையை முகர்ந்ததும் பேசத் தொடங்கியவர், ஊரிற் பனைத்தொழிற் கூட்டுறவுச் சங்கமொன்றில் இருந்த வடமராட்சிப் பெரியவர். "தம்பி, உங்கட புத்தகத்திலை ஒரே வடிசாலை எண்டு பெருமையாப் போட்டிருக்கிறான். நாங்கள் ஒரே மரத்தையே சொல்லுவம். தனிப்பனைக் கள் எண்டு தேடி வந்து குடிக்கிற ஆக்கள் இருந்தவை. ஆண்பனையோ பெண்பனையோ, வெள்ளாப்பிலை இறக்கினதோ வெயில் ஏறினாப் பிறகோ, முட்டி கழுவினதோ கழுவாததோ, எல்லாத்தையும் எங்கட அப்பர் மணத்திலை சொல்லுவார்" என்றார். அவ்வறிவை எவராவது எழுதி வைத்தார்களா என்று வினவினேன். "எழுத வாற ஆக்கள் எங்கட படலைக்கு வரேல்லைத் தம்பி" என்றார்.

போனவரும் இருந்தவரும்

ஐலாவை ஒரு சொர்க்கமாக எண்ணிவிடலாகாது. 1830களில் அத்தீவில் ஏறத்தாழ 15,000 மக்கள் வாழ்ந்தனர். இன்று மூவாயிரத்துக்குச் சற்று மேற்பட்டோரே உள்ளனர். உருளைக்கிழங்குப் பயிர் பொய்த்தது. வாடகை ஏறிற்று. நிலவுடைமையாளர் சிறு குடியானவரை அகற்றினர். போர்ட் எலன் வடிசாலையின் உரிமையாளரான ஜோன் ராம்சே தம் குடியானவர் பலரைக் கனடாவுக்கு அனுப்பியவர். 1870ஆம் ஆண்டு அவரே ஒன்ராறியோவுக்குச் சென்று அவர்களைக் கண்டு நாட்குறிப்பும் எழுதினார். இன்று எம்மவர் இலட்சக்கணக்கில் வாழும் அதே ஒன்ராறியோ, ஐலாவின் வேரறுந்த மக்களுக்கும் புகலிடமாய் இருந்தது. அவர்களது கேலிக் மொழியில் விஸ்கி என்ற சொல்லின் மூலம் "உயிர்நீர்" என்று பொருள்படும். ஸ்கொட்லாந்தின் 1872ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் அம்மொழிக்குப் பள்ளியில் இடம் தரவில்லை. சொல் உலகெங்கும் பரவிற்று. அதைப் பேசியவர் குறைந்தனர்.

அவர்களது மதுவுக்கும் இழிநிலை இருந்தது. மலைநாட்டாரும் தீவாரும் ஒருகாலத்தில் தீர்வை அதிகாரிகளுக்கு ஒளிந்து வடித்தவர்களே. எமது வழக்கிற் சொல்வதாயின் கசிப்புக் காய்ச்சியவர்கள். 1823ஆம் ஆண்டின் தீர்வைச் சட்டம் சிறு வடிசாலைகள் உரிமம் பெற்று வெளிப்பட வழிசெய்தது. ஒடுக்கியவரே ஒழுங்குபடுத்தினர். ஒழுங்குபடுத்தப்பட்டது பெயர் பெற்றது.

அண்மைக்கால வரலாறு இன்னும் வியப்புக்குரியது. 1980களில் ஐலாவின் புகை மது விற்பனையற்றுக் கிடந்தது. ஆர்ட்பெக் 1981ஆம் ஆண்டு மூடப்பட்டது. எமக்கு வேறு காரணத்தால் மறக்கவொண்ணாத 1983ஆம் ஆண்டில் போர்ட் எலன் மூடப்பட்டது. மிகுந்த புகை, மிகுந்த மருந்து மணம், எவர் குடிப்பார் என்பதே அன்றைய வணிகரின் கணிப்பு. ஆயின் நுகர்ந்து எழுதுவோர் தோன்றினர். ஒவ்வொரு வடிசாலையின் மணத்தையும் பெயர் சொல்லிப் பிரித்தறிந்தனர். 1988ஆம் ஆண்டு லகவூலின் தனிப்பெயருடன் பெருஞ்சந்தைக்கு வந்தது. ஆர்ட்பெக் 1997ஆம் ஆண்டு புதிய உரிமையாளரின் கையில் உயிர்பெற்றது. போர்ட் எலன் 2024ஆம் ஆண்டு மீளத் திறக்கப்பட்டது. மது மாறவில்லை. அதைப் பற்றிப் பேசும் மொழி வந்தது. 2009ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள், ஐலா என்ற பெயரை அத்தீவில் வடித்ததற்கு மட்டுமே இடலாம் என்று காத்துநிற்கின்றன.

பனையின் நிலை

இப்போது எமது பக்கம். சங்கப் பாடல்கள் கள்ளையும் தேறலையும் பலவாறு பேசுகின்றன. மூங்கிற் குழாயில் அடைத்து முதிரவைத்த தேறலை அவை அறியும். பீப்பாயில் முதிரவைப்பதன் பயனை எம் முன்னோர் ஒருவாறு உணர்ந்திருந்தனர் போலும். திருக்குறள் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தது. இரண்டும் எம் மரபே. நுகர்ந்து அறிவதும், அளவறிந்து விலகுவதும் ஒரே மரபில் அருகருகே நின்றவை.

பிற்காலத்தில் நேர்ந்தது வேறு. கள் இறக்கியவர் ஒடுக்கப்பட்ட சாதியினர். அவர் இறக்கிய கள்ளைப் பிளாவில் ஏந்திக் குடித்தவர்கள், அவரைக் கோயில் வாசலுக்கு அப்பால் நிறுத்தினர். மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலில் 1968ஆம் ஆண்டு ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்தது எமது தலைமுறையின் காலத்துக்கு அண்மையிலேதான். தவறணையிற் கள் குடிப்பது இழிவு, வெளிநாட்டுப் போத்தல் திறப்பது மதிப்பு என்ற கணக்கு, மதுவைப் பற்றியதன்று. இறக்கியவரைப் பற்றியது.

1970களிற் சீவல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களாக அணிதிரண்டனர். 1978ஆம் ஆண்டு பனை அபிவிருத்திச் சபை தோன்றியது. வடமராட்சியில் திக்கம் வடிசாலை எழுந்தது. ஐலாவில் நிகழ்ந்ததைப் போன்றதோர் எழுச்சிக்கு அதுவே எமது தொடக்கமாக இருந்திருக்கலாம். போர் வந்தது. பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் பனைகள் பெருந்தொகையாக வீழ்ந்தன. தொழில் தெரிந்தவர் இடம்பெயர்ந்தனர். பலர் மீளவில்லை.

தமிழ்நாட்டின் நிலையும் நோக்கத்தக்கது. பனை அம்மாநிலத்தின் அரசமரம், அதாவது அரசு அறிவித்த மாநில மரம். கள் இறக்குதல் 1987ஆம் ஆண்டு முதல் அங்கு தடைசெய்யப்பட்டுள்ளது. 2003ஆம் ஆண்டு முதல் அரசு நிறுவனமே சில்லறைக் கடைகளில் அயல்நாட்டு மதுவின் பெயர் தாங்கிய உள்நாட்டு மதுவை விற்கிறது. அவ்வகை விஸ்கியிற் பெரும்பகுதி கரும்பாலைக் கழிவுப் பாகிலிருந்து பெறப்படுவது. மரத்தின் மது குற்றம், பாகின் மது வருவாய்.

இதற்கு எதிர்ச்சான்றும் இந்தியாவிலேயே உண்டு. பெங்களூரின் அம்ருத் வடிசாலை 2004ஆம் ஆண்டு தன் சிங்கிள் மால்ட்டை, வேறெங்குமன்றி, கிளாஸ்கோ நகரிலேயே முதலில் விற்பனைக்கு வைத்தது. ஸ்கொட்லாந்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு வீதம் பீப்பாயிலிருந்து ஆவியாகப் போகும். பெங்களூரின் வெம்மையில் அது பத்து வீதத்தையும் தாண்டும். அதனாற் சில ஆண்டுகளிலேயே மது முதிர்ந்துவிடுகிறது. குறையெனக் கருதப்பட்ட வெப்பத்தை அவர்கள் தம் மதுவின் இயல்பாக்கினர். புகையைக் கடனாகப் பெற்றனர். நிலத்தின் வெம்மை அவர்களுடையது.

சொற்களைச் சேமித்தல்

எமது மொழி மணத்துக்கு வறியதன்று. மணம், வாசம், கமழ்ச்சி, நறை, விரை, வெறி, முடை, வீச்சம், கவிச்சி, வெடுக்கு, வெடில் என ஒவ்வொன்றுக்கும் தனிப் பொருட்சாயல் உண்டு. நாற்றம் என்ற சொல் பண்டு நறுமணத்தையும் குறித்தது. இன்று தீமணத்துக்கே உரியதாகிச் சுருங்கிவிட்டது. சொல் சுருங்கினால் அதனோடு சேர்ந்து அறிதலும் சுருங்கும். ரட்கர்சில் பயிலும் அந்த இளைஞன் "அடுத்த நாள்" என்றபோது, வீட்டில் எவரும் கற்பியாத ஒன்றைத் தமிழிலேயே தேடிக் கண்டான். அவனுக்கு வெடில் என்ற சொல்லும் கமழ்ச்சி என்ற சொல்லும் கொடுக்கப்பட்டிருந்தால் அவன் இன்னும் தொலைவு சென்றிருப்பான்.

ஆகவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். ரொறன்ரோவிலோ பாரிசிலோ இலண்டனிலோ பிஸ்கட்டவேயிலோ, உங்கள் அயலில் மரமேறிய கையுடையவர், புகைக்குடிலில் இலை திருப்பியவர், பனங்கட்டி காய்ச்சியவர் எவரேனும் இருப்பர். பெரும்பாலும் எழுபது வயதைக் கடந்தவராயிருப்பர். குகையில் அமர்ந்த முனிவர்களைத் தேடுவது போல் தேட வேண்டியதில்லை. அடுத்த வீதியில், ஒரு பேரப்பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிவருபவராக அவர் நடந்துபோகக்கூடும். அவர் வீட்டுப் படலைக்கு நீங்கள் செல்ல வேண்டும். முட்டியின் பாகங்களுக்கு அவர் என்ன பெயர் சொன்னார், கள் புளிக்கும் ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் மணம் எவ்வாறு மாறிற்று, நல்ல புகையையும் கெட்ட புகையையும் எவ்வாறு பிரித்தறிந்தார் என்பதைக் கேட்டு ஒலிப்பதிவு செய்ய வேண்டும். அவர் குலத்தைக் கேட்க வேண்டாம். தொழிலைக் கேட்க வேண்டும்.

மதுவை விரும்பாதோர் மூதாட்டியைப் போல் முகர்ந்துவிட்டு வைத்துவிடலாம். அதுவும் போதும். ஐலாவின் மக்களிற் பெரும்பாலோர் கடல் கடந்து போய்விட்டனர். அவர்களுடைய புகைக்கு மட்டும் இன்று ஓர் ஊர் உண்டு, ஒரு பெயர் உண்டு, அதைக் காக்க ஒரு சட்டமும் உண்டு. எமது புகையை நினைவிற் கொண்டவர்கள் இன்னும் எம்மிடையே உயிருடன் இருக்கிறார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமையே ஒருவரிடம் சென்று கேட்கத் தொடங்கலாம்.